முதல்ல அக்கவுண்ட், அப்புறம் கிரெடிட் கார்டு: இது நிஜமாவே வேலை செய்யுதா?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லாருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு மருந்து கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கேன் (புதுச்சேரி மேட்டுப்பாளையம், ஊட்டி ரயில் கிளம்பற ஊர் இல்ல). வீடு திருப்பாதிரிப்புலியூர், தினமும் பஸ். பிடித்தம் போக கைக்கு 27,000 வருது. கம்பெனியே தொடங்கிக் கொடுத்த ஒரு பொதுத்துறை வங்கிக் கணக்குல சம்பளம் விழும்.

போன மாசம் ஒரு தனியார் வங்கி கார்டுக்கு ஆன்லைன்ல போட்டேன். "எங்கள் உள்விதிகளின்படி ஏற்க இயலவில்லை"னு ஒத்த வரி மெசேஜ் வந்துச்சு. நேரு வீதியில அதே பேங்க் ஆளுங்க குடை போட்டு உட்கார்ந்திருந்தாங்க, போய்க் கேட்டேன். "நீங்க நம்ம பேங்க்ல அக்கவுண்டே இல்லாம போட்டிருக்கீங்க சார். முதல்ல சேவிங்ஸ் ஓபன் பண்ணி 10,000 பேலன்ஸ் வைங்க. மூணு மாசத்துல கார்டு வீடு தேடி வரும்"ங்கறார்.

அந்தப் பத்தாயிரத்த அசையாம வைக்கறது என் சம்பளத்துக்குச் சின்ன விஷயம் இல்ல. இப்படி அக்கவுண்ட் தொடங்கி அதனாலயே கார்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா?

சில்வர்பீச் (கடலூர்)

குடை போட்டு உட்கார்ந்தவருக்கு டார்கெட் அக்கவுண்ட்ல இருந்திருக்கும், அவ்வளவுதான். கார்டு டார்கெட்டா இருந்தா அக்கவுண்ட் பேச்சையே எடுத்திருக்க மாட்டார்.

நெய்வேலி_ஷிப்ட் (நெய்வேலி)

ஒரேயடியா அப்படிச் சொல்லாதீங்க ப்ரோ. எனக்கு வேலை செஞ்சுது. டவுன்ஷிப்ல பாதிப் பேர் மாதிரி நானும் பழைய பேங்க்லயே இருந்தேன். அப்புறம் ஒரு தனியார் பேங்க்ல அக்கவுண்ட் தொடங்கினேன். கொஞ்ச மாசம் கழிச்சு ஆப்ல தானா ஒரு ஆஃபர் நின்னுச்சு, "உங்களுக்குக் கார்டு தயார்"னு. சம்பளச் சீட்டு கேக்கல, ஆள் வந்து வீட்டைப் பாக்கல. ஒரு ஓடிபி, முடிஞ்சுது.

ஓய்வு_கேஷியர் (புதுச்சேரி, முதலியார்பேட்டை)

கெடிலக்கரை தம்பிக்கு, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொதுத்துறை வங்கியில் கேஷியராகச் சேர்ந்து கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன். பொறுமையாகப் படியுங்கள்.

இதில் இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று ஊருக்கே பொதுவானது: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் கடன் அறிக்கை. அதில் நீங்கள் வாங்கிய கடன், வைத்திருக்கும் கார்டு, எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்பதுதான் இருக்கும். சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருப்பு என்பது அங்கே போகவே போகாது. பத்து லட்சம் போட்டு வைத்தாலும் அதற்காக அந்த நிறுவனங்கள் போடும் கடன் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி ஏறாது.

இரண்டாவது புத்தகம் அந்த வங்கியே தன் வாடிக்கையாளரைப் பற்றி வைத்திருப்பது. மாதாமாதம் சம்பளம் வருகிறதா, எந்தத் தேதிக்குள் தீர்ந்துபோகிறது, செக் திரும்பியதா, இஎம்ஐ பிடிக்கும் நாளில் பணம் இருந்ததா, மாதத்தின் மிகக் குறைந்த இருப்பு என்ன. இதையெல்லாம் கணினி கூட்டிக் கழித்து, யாருக்குக் கார்டு தரலாம் என்று ஒரு பட்டியல் போடும். நெய்வேலித் தம்பிக்கு ஆப்பில் வந்தது அந்தப் பட்டியல்தான்.

பத்தாயிரத்தைப் போட்டுவிட்டு மூன்று மாதம் தொடாத கணக்கில் கணினி எதைப் படிக்கும்? "இவரிடம் பத்தாயிரம் இருக்கிறது" என்பதை மட்டும்தான். அதை வைத்து ஒரு லட்சம் லிமிட் தர எந்த வங்கிக்கும் துணிவு வராது.

நெய்வேலித் தம்பியிடம் ஒரு கேள்வி: அந்தப் புதுக் கணக்குக்குச் சம்பளத்தையும் மாற்றினீர்களா?

நெய்வேலி_ஷிப்ட்

ஆமா சார், சம்பளத்தயும் அதுக்கே மாத்திட்டேன். ஓவர்டைம், போனஸ் எல்லாம் அதுலதான்.

ஓய்வு_கேஷியர்

அப்படியென்றால் கார்டு வாங்கிக் கொடுத்தது உங்கள் சம்பளம். கணக்கு வெறும் வாய்க்கால்தான்.

கெடிலக்கரை

சார், எங்க கம்பெனி எச்ஆர் சம்பள அக்கவுண்ட மாத்த ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் நானே 25,000-ஐ புது பேங்குக்கு அனுப்பி, அங்கேர்ந்து செலவு பண்ணினா சம்பளம் மாதிரியே தெரியாதா?

ஓய்வு_கேஷியர்

தெரியாது தம்பி. சம்பளம் என்றால் கம்பெனி பெயரில் வரும், குறிப்பிலேயே சம்பளம் என்று இருக்கும். நீங்கள் அனுப்புவது உங்கள் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு. ஒன்றுமே இல்லாததற்கு அது தேவலாம், சம்பளக் கணக்குக்கு ஈடாகாது.

இன்னொன்று. உங்கள் சம்பளத்தைப் பார்க்க அந்த வங்கியில் நீங்கள் கணக்கு வைத்திருக்க வேண்டிய காலம் மலையேறிவிட்டது. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடு 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் சம்மதம் கொடுத்தால் வேறு வங்கியில் இருக்கும் உங்கள் கணக்கு விவரத்தைக் கார்டு தருபவர் நேராகவே வாங்கிப் பார்த்துக்கொள்வார். ஆகவே "எங்களிடம் கணக்கு இல்லை, அதனால் தள்ளுபடி" என்பது பாதி உண்மைகூட இல்லை.

தட்டாஞ்சாவடி_தாஸ் (புதுச்சேரி)

எனக்கு ஒரு சந்தேகம் சார். ஸ்டேட் பேங்க்ல காலேஜ் காலத்துலேர்ந்து அக்கவுண்ட் இருக்கு. எஸ்பிஐ கார்டுக்குப் போட்டா யாரோ புது ஆள் மாதிரி எல்லா பேப்பரும் கேக்கறாங்களே, ஏன்?

ஓய்வு_கேஷியர்

நல்ல கேள்வி. ஸ்டேட் பேங்க் வேறு, எஸ்பிஐ கார்டு வேறு. கார்டு தருவது 1998-ல் தொடங்கிய தனி நிறுவனம், 2020 மார்ச்சில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. தாய் வங்கி ஸ்டேட் பேங்க்தான், ஆனாலும் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்து முடிவெடுப்பது அந்தத் தனி நிறுவனம். கிளை வழியாகப் போகும் விண்ணப்பங்களுக்கு அங்கே தனிப் பாதை உண்டு. கிளையில் கேட்டுப் பாருங்கள், ஷாப்பிங் மாலில் கேட்காதீர்கள்.

பாகூர்_ஏரி (பாகூர்)

எங்க ஊர்க்காரங்களுக்கு இருக்கற தொல்லைய யாரும் சொல்லலையே. பாகூர் புதுச்சேரியச் சேர்ந்தது. பின்கோடு மட்டும் 607-ல ஆரம்பிக்குது, கடலூர் பக்கத்துது. ஒரு கார்டு விண்ணப்பத்துல பின்கோடு போட்டதுமே மாநிலம் "தமிழ்நாடு"னு தானா விழுந்துடுச்சு. ஆதார்ல புதுச்சேரி. ரெண்டும் ஒத்துப்போகலன்னு நிராகரிச்சுட்டாங்க. விழுப்புரத்துக்காரங்களுக்கு நேர் தலைகீழ், 605-ன்னதும் புதுச்சேரியா ஆயிடுவாங்க.

இன்னொரு பேங்க்ல "உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை"ன்னாங்க. அங்க மட்டும் அக்கவுண்ட் தொடங்கினது உதவுச்சு. ஏன்னா கிளையில உட்கார்ந்து முகவரிய கையால சரி பண்ணி ஏத்தினாங்க. அதுக்கப்புறம் கார்டுக்குப் போட்டப்ப அந்த முகவரியே போயிடுச்சு. அதனால அக்கவுண்டால பயனே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கள மாதிரி எல்லைக்கோட்டு ஆளுங்களுக்கு ஆவணச் சிக்கல் தீரும்.

சில்வர்பீச்

இது எனக்குப் புதுசு. கன்னியக்கோயில் செக்போஸ்ட்ல பஸ் நின்னாத்தான் எல்லைன்னு நெனச்சேன், கார்டு ஃபார்ம்லயுமா?

முந்திரிக்காடு (பண்ருட்டி)

சம்பளக்காரங்க பேசிட்டீங்க, வியாபாரி கதையக் கேளுங்க.

நமக்கு முந்திரி. வாங்கறது, உடைக்கறது, அனுப்பறது. கரண்ட் அக்கவுண்ட்ல சீசன்ல லட்சக்கணக்குல ஓடும், சீசன் போனா காத்து வாங்கும். மேனேஜர் எழுந்து நின்னு வணக்கம் சொல்வார், டீ வரவழைப்பார், கார்டுன்னு வாயெடுத்தா மட்டும் "ஹெட் ஆபீஸ் சிஸ்டம்தாண்ணே முடிவு பண்ணுது"ம்பார். அது உண்மைதான்னு பின்னாடி புரிஞ்சுது. சிஸ்டத்துக்கு வேண்டியது ஐடி ரிட்டர்ன்ல இருக்கற வருமானம். அக்கவுண்ட்ல ஓடின பணம் வியாபாரப் பணம், லாபம் எவ்வளவுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? வரி கட்டக் கூடாதுன்னு ரிட்டர்ன்ல குறைச்சுக் காட்டிட்டு, பேங்க்ல பெரிய ஆளா நிக்கணும்னா நடக்குமா? எங்க மார்க்கெட் கமிட்டியில பாதிப் பேர் இத ஒத்துக்க மாட்டாங்க, ஆனா சங்கதி அதான்.

நான் கடைசியில எடுத்தது எஃப்டி (நிலையான வைப்பு) மேல கார்டு. 50,000 டெபாசிட் போட்டேன், அதுல 80 சதவீதம் லிமிட் கொடுத்தாங்க. வருமானச் சான்று கேக்கல. டெபாசிட்டுக்கு வட்டி அதுபாட்டுக்கு வந்துகிட்டிருக்கு. கார்ட மூடற வரைக்கும் அந்த டெபாசிட்ட உடைக்க முடியாது, அவ்வளவுதான். எத்தனை சதவீதம்ங்கறது பேங்குக்குப் பேங்க் மாறும், 75-லேர்ந்து 100 வரைக்கும் கேள்விப்பட்டிருக்கேன்.

தம்பி, பத்தாயிரத்த மினிமம் பேலன்ஸ்ல தூங்க வைக்கறதுக்கு, இன்னும் கொஞ்சம் சேத்து எஃப்டி போட்டுக் கார்ட கையில வாங்கிடு.

ஓய்வு_கேஷியர்

முந்திரிக்காடு அண்ணாச்சி சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். அந்தக் கார்டும் மற்றக் கார்டு மாதிரியே கடன் அறிக்கையில் ஏறும். ஒழுங்காகக் கட்டினால் ஓராண்டுக்குள் டெபாசிட் இல்லாத கார்டுக்கே அழைப்பு வர வாய்ப்பு அதிகம்.

லாஸ்பேட்டை_அக்கா (புதுச்சேரி)

தம்பி கெடிலக்கரை, எல்லாரும் அக்கவுண்ட், எஃப்டின்னு போயிட்டாங்க. உன் சிபில் ரிப்போர்ட்ட நீ பார்த்தியா இல்லையா? வருஷத்துக்கு ஒண்ணு முழு ரிப்போர்ட் இலவசம், நாலு கம்பெனியும் தனித்தனியா தரணும். நீயே பாத்துக்கறதால மதிப்பெண் குறையாது. பேங்க் பாக்கறதுதான் விசாரணைன்னு பதிவாகும். அதனாலதான் ஒரே வாரத்துல எல்லா பேங்க்லயும் போட்டுத் தள்ளாதேன்னு சொல்றது.

நிராகரிச்சவங்க கிட்ட காரணத்த எழுத்துல கேளு. கார்டு விண்ணப்பத்தத் தள்ளினா குறிப்பான காரணத்த எழுத்துல சொல்லணும்னு ரிசர்வ் வங்கியோட கிரெடிட் கார்டு நெறிமுறைலயே இருக்கு. "உள்விதி"ங்கறது காரணமே இல்ல.

கெடிலக்கரை

அக்கா, கேட்டு மெயில் போட்டிருக்கேன். ரிப்போர்ட்டும் எடுத்துப் பாக்கறேன். கடன் எதுவும் பெருசா இல்ல, ஒரு போன் இஎம்ஐ, அது முடிஞ்சுடுச்சு. எனக்கு -1தான் வரும்னு நினைக்கறேன்.

தட்டாஞ்சாவடி_தாஸ்

-1 வந்தா மோசமா?

ஓய்வு_கேஷியர்

மோசமில்லை. மதிப்பெண் 300 முதல் 900 வரை. -1 என்றால் வரலாறு இல்லை என்று பொருள், கெட்ட வரலாறு என்று அல்ல. வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. நடைமுறையில் கார்டு விஷயத்தில் இறுக்கம் இருக்கிறது. 2023 நவம்பரில் கார்டு கடனுக்கு வங்கிகள் ஒதுக்க வேண்டிய மூலதனத்தை ரிசர்வ் வங்கி கூட்டியது. புது ஆளுக்குக் கார்டு கொடுப்பது வங்கிக்குச் செலவு கூடிய காரியமாகிவிட்டது.

கெடிலக்கரை

ரிப்போர்ட் வந்துச்சு. -1 எல்லாம் இல்ல. 641.

இன்ஜினியரிங் படிக்க எடுத்த கல்விக்கடன் அதுல இருக்கு. 3,20,000. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷ அவகாசம் போனதும் அப்பாதான் கட்டிட்டு வந்தார், கரும்புப் பணம் வர்றப்ப. நெல்லிக்குப்பம் ஆலையிலேர்ந்து பணம் எப்ப வருதோ அப்பதான் எங்க வீட்டுல எல்லாமே நடக்கும். ரிப்போர்ட்ல நிறைய மாசத்துக்கு 000, நடுவுல 030, 060னு கட்டங்கள். இப்பவும் 4,100 நிலுவைன்னு காட்டுது. அப்பா இதுவரைக்கும் வந்த தவணை எல்லாம் கட்டியாச்சுன்னுதான் சொல்றார், ரசீதும் இருக்கு.

பேங்க் பதில் மெயிலும் வந்துச்சு. "கடன் தகவல் அறிக்கையின் அடிப்படையில்"னு எழுதியிருக்காங்க. அக்கவுண்ட் இல்லைங்கறதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

சில்வர்பீச்

குடைக்காரருக்கு அந்த மெயில அனுப்பி வைங்க.

லாஸ்பேட்டை_அக்கா

நெனச்சேன். நம்ம பக்கத்துப் பிள்ளைங்க ரிப்போர்ட்ல முக்காவாசி இந்தக் கல்விக்கடன்தான் நிக்கும். நாலு லட்சம் வரைக்கும் ஜாமீனே வேண்டாம்னு கொடுத்துடுவாங்க, பிள்ளையும் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போடுவாங்க. பிள்ளைக்கு 18 வயசுல போட்ட கையெழுத்து ஞாபகமே இருக்காது. வேலைக்குப் போனப்புறம் இது முன்னாடி வந்து நிக்கும்.

000ன்னா தாமதம் இல்ல, 060ன்னா அந்த மாசம் 60 நாள் தாமதம்னு அர்த்தம். 36 மாசம் வரைக்கும் அந்தக் கட்டங்கள் தெரியும். ரசீத எடுத்துக்கிட்டு கடன் கொடுத்த கிளைக்கு அப்பாவோட நேர்ல போ. கட்டின பணம் அசல்ல போச்சா, வட்டியில போச்சா, வேற கணக்குல விழுந்துச்சான்னு ஸ்டேட்மென்ட் வாங்கிப் பாரு. உண்மையிலயே பாக்கின்னா 4,100-ஐ உடனே கட்டிடு. தப்பான பதிவுன்னா சிபில் தளத்துலயே புகார் போடு. 30 நாளுக்குள்ள தீர்க்கலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா இழப்பீடு உனக்குத் தரணும்னு விதி இருக்கு.

தட்டாஞ்சாவடி_தாஸ்

மொத்தக் கடனையும் செட்டில்மென்ட் பேசி முடிச்சா என்ன? என் பிரெண்ட் பாதியக் குறைச்சு முடிச்சான்.

ஓய்வு_கேஷியர்

வேண்டவே வேண்டாம். பாதியைக் குறைத்து முடித்தால் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். முழுதாகக் கட்டினால்தான் "குளோஸ்டு". அடுத்த வங்கிக்காரர் கண்ணில் "செட்டில்டு" என்றால் இவர் ஏற்கெனவே ஒருவருக்கு நஷ்டம் வைத்தவர். கட்ட வழியே இல்லாதவருக்கு அது மருந்து. 27,000 சம்பளம் வாங்கும் பையனுக்கு அல்ல. உங்கள் நண்பரைக் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், தெரியும்.

வைசியாள்வீதி (புதுச்சேரி)

நடுவுல ஒரு கேள்வி. தாத்தாவுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வருது, நல்ல தொகை. அவர் அக்கவுண்ட்ல வருஷக்கணக்கா விழுது. அவருக்குக் கார்டு கிடைக்குமா?

ஓய்வு_கேஷியர்

வயது வரம்புதான் முதல் தடை. தனியாகக் கார்டு கேட்பதைவிட அந்தக் கணக்கிலிருந்தே ஒரு எஃப்டி போட்டு அதன் மேல் கேளுங்கள். உங்கள் தாத்தா மாதிரி சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள்) பலரும் எங்கள் கவுண்டரில் பென்ஷனைக் கட்டுக் கட்டாக வாங்கிப்போவார்கள், கார்டு கேட்டவரை நான் பார்த்ததில்லை!

நெறியாளர்

இழையில் யாரும் பான் எண், ரிப்போர்ட் படம், போன் நம்பர் போட வேண்டாம். "மதிப்பெண்ணை ஏற்றித் தருகிறேன், 3,000 கொடுங்கள்" என்று ஒருவர் இங்கே தனிச்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார், நீக்கியாகிவிட்டது. கார்டு ஒப்புதலுக்கு ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தாலும் சொல்லாதீர்கள்.

கெடிலக்கரை

அப்பாவோட கிளைக்குப் போயிட்டு வந்தேன். 4,100 உண்மையான பாக்கிதான். அவகாசக் காலத்து வட்டி அது, ரசீதுல இருக்கற தொகை எல்லாம் அதுக்கப்புறம் வந்த தவணைக்குப் போயிருக்கு. கட்டிட்டேன். இனிமே தவணை என் சம்பளக் கணக்கிலேர்ந்து தானா போற மாதிரி எழுதிக் கொடுத்துட்டேன். ரிப்போர்ட்ல எப்ப மாறும்?

லாஸ்பேட்டை_அக்கா

2025 ஜனவரியிலேர்ந்து குறைஞ்சது பதினஞ்சு நாளைக்கு ஒருதரமாவது பேங்குங்க தகவல் அனுப்பணும். அதனால நிலுவை சீக்கிரம் பூஜ்யம் ஆயிடும். பழைய 030, 060 கட்டங்கள் உடனே போகாது, புதுசா வர்ற 000 அதுக்கு மேல சேந்துகிட்டே போகும்.

கெடிலக்கரை

சரி அக்கா. புது அக்கவுண்ட் தொடங்கப் போறதில்ல. என் சம்பள பேங்க்லயே 25,000 எஃப்டி போட்டுக் கார்டு கேக்கப் போறேன். தீபாவளி போனஸ் வந்ததும்.

பாகூர்_ஏரி

தனியார் பேங்க் அக்கவுண்ட் பின்னாடி எப்பவாவது தொடங்கறதா இருந்தா ஒரு விஷயம். ஊர் மக்கள்தொகை 10,000-லேர்ந்து 1 லட்சத்துக்குள்ள இருந்தா அது அரைநகர்ப்புறக் கிளை, நிறைய பேங்க்ல மினிமம் பேலன்ஸ் குறைவு. கடலூர் கிளையில கேக்கற தொகைய நெல்லிக்குப்பம், பண்ருட்டி கிளையில கேக்க மாட்டாங்க. பொதுத்துறையில அந்தத் தொல்லையே பெரும்பாலும் போச்சு. ஸ்டேட் பேங்க் 2020-லயும் இந்தியன் பேங்க் 2025 ஜூலையிலயும் சேமிப்புக் கணக்குல மினிமம் பேலன்ஸ் இல்லேன்னா போடற அபராதத்த எடுத்துட்டாங்க.

முந்திரிக்காடு

எஃப்டி போடறப்ப தானா புதுப்பிக்கற மாதிரி போடு தம்பி, இல்லேன்னா முதிர்வு தேதியில கார்டு தொங்கிடும். நாமினி பேர் எழுத மறக்காதே. 20,000 லிமிட் வந்தா அஞ்சாறாயிரத்துக்கு மேல தேய்க்காதே. கடைசித் தேதி தாண்டி மூணு நாள் வரைக்கும் தாமதக் கட்டணம் போட மாட்டாங்க, ஆனா அத நம்பி உட்காராதே. ஏடிஎம்ல அந்தக் கார்ட சொருகிப் பணம் எடுக்கவே எடுக்காதே, எடுத்த நிமிஷத்துலேர்ந்து வட்டி ஓடும்.

கெடிலக்கரை

எழுதி வச்சுக்கிட்டேன் அண்ணே. நாமினியா அப்பா பேரையே போட்டுடறேன்.